மண்டைக்குள் திரும்பாத முக்கோணம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் குடியிருக்கும் தம்பி ஒருவர், செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர், போன வாரம் வாசலில் நின்று கேட்டது இது: "டீச்சர், மகள் படிவம் 2. மற்றக் கணக்கெல்லாம் போடுகிறாள். 'புத்தாரான்' என்கிற சுழற்சிப் பாடம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. முக்கோணம் மண்டைக்குள் திரும்பவே இல்லை என்று அழுகிறாள். இணையத்தில் மனச் சுழற்சிச் சோதனை ஒன்று செய்து பார்த்தாள், 24க்கு 6 வந்தது. பெண்பிள்ளைகளுக்கு இது வராது என்று யாரோ சொல்லியும் வைத்திருக்கிறார்கள். பிறவியிலேயே வராத ஒன்றா இது? நான் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?"

அன்று சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

தம்பி, மூன்று வேறு வேலைகளுக்குச் சுழற்சி என்று ஒரே பெயர் இருக்கிறது. உங்கள் மகள் மாட்டிக்கொண்டிருப்பது அதில்தான். ஓர் உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பது ஒரு வேலை. உடம்பு திரும்புவதும் திரும்பியதை உணர்வதும் இன்னொரு வேலை. கணக்குப் புத்தகத்தில் வருகிற சுழற்சி மூன்றாவது. அதற்கு மையம், பாகை, திசை ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். மண்டைக்குள் படம் ஓட வேண்டிய கட்டாயம் அதில் கிடையாது. முதல் வேலையில் மெதுவான பிள்ளைகள் மூன்றாவதில் முழு மதிப்பெண் வாங்கியதை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு: சுழலும்போது எது நிற்கிறது? பிள்ளைகள் சுழல்கிற பொருளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அசையாத இடத்தைத் தேடுவதில்லை. தேடக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் லாரியையே எடுத்துக்கொள்வோம். செம்மண் சடக்கிலிருந்து வெளியே வந்து இடப்பக்கம் ஒடிக்கிறீர்கள். ஸ்டீயரிங்கை அதே நிலையில் பிடித்தபடி மெதுவாக ஓட்டினால் லாரி வட்டம் போடும். அந்த வட்டத்தின் மையம் எங்கே? லாரிக்குள் இல்லை. பின் சக்கரங்களின் அச்சை இடப்பக்கமாக நீட்டிக்கொண்டே போங்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றும் பார்க்கிற திசைக்குச் செங்குத்தாகவும் ஒரு கோடு இழுங்கள். கோடுகள் எல்லாம் சாலையோரப் புல்லில் ஒரே இடத்தில் போய்ச் சேரும். அந்த இடம்தான் மையம். சக்கரங்கள் இழுபடாமல் உருள வேண்டுமானால் வேறு வழியில்லை. உள்பக்க முன்சக்கரம் வெளிப்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்புவதும் அதற்காகத்தான். குதிரை வண்டிக் காலத்திலேயே லாங்கன்ஸ்பெர்கர் என்ற ஜெர்மானியர் யோசித்த ஏற்பாடு இது. அதற்கு 1818இல் ஆக்கர்மன் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். உள்பக்கப் பின்சக்கரம் மையத்துக்கு மிகக் கிட்டே இருப்பதால் அது போடுகிற வட்டம் சின்னது. முனையைச் சீக்கிரம் வெட்டினால் பின்சக்கரம் வாய்க்கால் கல்லில் ஏறுகிறதே, அது இதனால்தான். இத்தனை வருஷமாக இந்த மையத்தைக் கண்ணால் பார்க்காமலே கணித்து ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மகளுக்கு இதைச் சொல்லுங்கள். பம்பரம், விசிறி, சக்கரம் எல்லாமே தங்கள் நடுவிலேயே சுழல்வதால், எந்த வடிவமும் தன் நடுவில்தான் சுழலும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்குள் வேரோடிப் போயிருக்கிறது. சோதனையில் மையத்தை முக்கோணத்துக்கு வெளியே, நாலு கட்டம் தள்ளிக் கொடுப்பார்கள். உடனே கை தடுமாறும்.

வீட்டில் செய்ய வேண்டிய முதல் சோதனைக்கு, ஒளி ஊடுருவும் பழைய பிளாஸ்டிக் உறை, மார்க்கர் பேனா, குண்டூசி இருந்தால் போதும். கட்டத் தாளில் ஒரு முக்கோணம் வரையட்டும். உறையை மேலே போட்டு அதைப் பிரதி எடுக்கட்டும். ஊசியை முதலில் முக்கோணத்தின் ஒரு முனையில் குத்தி உறையைக் கால் சுற்று திருப்பட்டும். அப்புறம் உறையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, முக்கோணத்தின் நடுவில் குத்தி அதே திசையில் கால் சுற்று. மறுபடியும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, வெளியே நாலு கட்டம் தள்ளிக் குத்தி அதே திசையில் கால் சுற்று. முக்கோணம் மூன்று வெவ்வேறு இடங்களில் போய் உட்காரும். ஆனால் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். சாய்வைத் தீர்மானிப்பது பாகையும் திசையும். இடத்தைத் தீர்மானிப்பது ஊசி. மகள் இதை வாய்விட்டுச் சொல்கிறாளா என்று பாருங்கள். சொல்லிவிட்டால் கருத்து பிடிபட்டுவிட்டது.

படம் வராத பிள்ளைக்கு நான் நடக்கச் சொல்லிக் கொடுப்பேன். மையம் (2, 1), புள்ளி (5, 3) என்று வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து புள்ளிக்கு எப்படிப் போவது? வலப்பக்கம் 3 கட்டம், மேலே 2 கட்டம். 'லாவான் ஆரா ஜாம்', அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், 90 பாகை என்றால் வலப்பக்கம் என்பது மேலே என்றாகும், மேலே என்பது இடப்பக்கம் என்றாகும். ஆக இப்போது மேலே 3, இடப்பக்கம் 2. மையத்திலிருந்து மறுபடி நடந்தால் (0, 4)க்கு வந்து சேர்வோம். சரிபார்க்க வேண்டுமா? மையத்திலிருந்து தூரம் மாறியிருக்கக் கூடாது. இரண்டு நடையிலும் 3, 2 என்ற அதே எண்கள்தான், தூரத்தின் வர்க்கம் 9 கூட்டல் 4, 13. சரி. இதில் எங்கேயாவது மண்டைக்குள் படம் தேவைப்பட்டதா? பள்ளியில் (x, y) என்பது (−y, x) ஆகும் என்று மனப்பாடம் செய்கிறார்கள். அது மையம் ஆதிப்புள்ளியில், அதாவது (0, 0)இல், இருந்தால் மட்டுமே பொருந்தும். அதை எல்லாக் கணக்குக்கும் போட்டுவிட்டு, தனக்குச் சுழற்சி வராது என்று அழுகிற பிள்ளைகள் நிறையப் பேர்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. நின்றபடி இடப்பக்கம் திரும்பினால், மேலிருந்து பார்க்கிறவருக்கு அது கடிகாரத்துக்கு எதிர்த் திசை. கூரை விசிறியைக் கீழே படுத்துப் பார்த்தால் ஒரு திசையில் சுற்றும். அதையே மேலிருந்து பார்த்தால் எதிர்த் திசையாகத் தெரியும். திசை சொல்லும்போது யார், எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்பதும் சேர்ந்தே வருகிறது. தாளை நாம் எப்போதும் மேலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, மூல வடிவத்தையும் பிம்பத்தையும் கொடுத்துவிட்டு மையத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். முதலில் இது சுழற்சிதானா என்று பார்க்க வேண்டும். மூலத்தில் A, B, C என்று சுற்றி வாசிக்கும்போது கடிகாரத் திசையில் போனால், பிம்பத்திலும் அதே திசையில் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் அது கண்ணாடி பிம்பம், 'பந்துலான்'. எத்தனை திருப்பினாலும் சுழற்சி ஆகாது. சுழற்சிதான் என்றால், A-யையும் அதன் பிம்பத்தையும் கோடு போட்டு இணைத்து, அதன் நடுவில் செங்குத்துக் கோடு இழுங்கள். B-க்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டு செங்குத்துக் கோடுகளும் வெட்டும் இடம்தான் மையம். லாரியில் அச்சுக்கோடுகள் சேர்ந்த அதே கதை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால் C-ஐ எடுத்துக்கொள்ளலாம். செங்குத்துக் கோடுகள் சேராமல் இணையாகவே போனால் வடிவம் திரும்பவே இல்லை, நகர்ந்திருக்கிறது.

கண்ணாடி பிம்பம் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. மகள் செய்த சோதனையின் உயிர்நாடியே அதுதான். என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து நிரைக்குப் போனால் மரத்துக்கு மரம் ஒரே மாதிரிதான் கத்தி இறங்கும். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கி, பால் விழும் மங்கில் முடியும். அது ஏன் அந்தச் சாய்வு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேர் மேலாக ஓடுவதில்லை. மேலே போகப் போக வலப்பக்கமாகச் சில பாகை சாய்ந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றுக்குக் குறுக்கே விழுவதால் அதிகக் குழாய்கள் அறுபடும், அதிகப் பால் வரும். வெட்டைக் கண்ணாடியில் பார்த்தது போல மாற்றிப் போட்டால் பால் குறையும்.

இப்போது மகளிடம் கேளுங்கள். வெட்டு மரத்தைச் சுற்றி முழு வளையமாகப் போயிருந்தால், எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கும்போது சாய்வு மாறுமா? மாறாது. அங்கேயும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்தே தெரியும். மரத்தை வெட்டித் தலைகீழாக நட்டால்? அப்போதும் மாறாது. ஒரு தாளைச் சுருட்டிக் கோடு போட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். எந்தச் சுழற்சியாலும் இந்தக் கைப்பாங்கை, அதாவது எந்தப் பக்கமாகச் சுற்றி இறங்குகிறது என்பதை, மாற்ற முடியாது, கண்ணாடியால்தான் முடியும். நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலகங்சாரில் 1877இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போது மகளுக்குக் காட்டுங்கள், கணக்குக்காக இல்லாவிட்டாலும்.

சரி, அந்தச் சோதனைக்கு வருவோம். 1971இல் ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்லின் மெட்ஸ்லர் என்ற இருவர் அமெரிக்காவில் இதைத் தொடங்கிவைத்தார்கள். பத்துச் சிறு கனசதுரங்களை ஒட்டி, மூன்று இடத்தில் மடங்கிய உருவங்கள். இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றா, அல்லது ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமா என்று கேட்டார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 1,600 ஜோடிகள். கோணத்தில் வித்தியாசமே இல்லாத ஜோடிக்குச் சுமார் ஒரு விநாடி ஆனது. வித்தியாசம் கூடக்கூட நேரமும் நேர்க்கோடாக ஏறியது. 180 பாகைக்கு நான்கு விநாடிக்கு மேல். கணக்குப் போட்டால் மனம் விநாடிக்குச் சுமார் 60 பாகை வேகத்தில் திருப்புகிறது என்று வந்தது. தாளின் தளத்திலேயே திருப்பினாலும் ஆழத்துக்குள் திருப்பினாலும் ஏறக்குறைய அதே வேகம். கையில் பிடித்த பொருளைத் திருப்புவது போல மனமும் இடைப்பட்ட நிலைகளையெல்லாம் கடந்துதான் போகிறது என்பதற்கு அப்போது கிடைத்த பெரிய சான்று இது.

24 கேள்வி கொண்ட சோதனை பெரும்பாலும் இதிலிருந்து வந்த ஒன்றுதான். வாண்டன்பெர்க், கியூஸ் இருவரும் 1978இல் தாளில் செய்யும் சோதனையாக ஆக்கினார்கள். பீட்டர்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1995இல் படங்களைப் புதிதாக வரைந்தார்கள். ஒவ்வொரு கேள்வியிலும் நான்கு படங்கள், அதில் இரண்டு சரி. இரண்டையும் பிடித்தால்தான் ஒரு மதிப்பெண், ஒன்று மட்டும் சரியானால் பூச்சியம். பன்னிரண்டு கேள்விக்கு மூன்று நிமிடம்தான். ஆக 24க்கு 6 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. எட்டு மட்டும் செய்து ஆறு சரியாக இருந்தால் அவள் நிதானமான பிள்ளை. இருபத்து நாலையும் கிறுக்கி ஆறு சரியாக இருந்தால் ஊகித்திருக்கிறாள். இரண்டும் ஒரே எண், பிள்ளை வேறு.

மண்டைக்குள் படம் வராதது பற்றியும் சொல்ல வேண்டும். சிலருக்கு உண்மையிலேயே மனக்கண்ணில் எதுவும் தெரியாது. ஆடம் ஸீமன் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 2010இல் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். ஓய்வு பெற்ற கட்டட அளவையாளர், இதய சிகிச்சைக்குப் பிறகு மனக்காட்சி முழுக்க நின்றுபோனவர். அவரிடம் இதே மனச் சுழற்சிச் சோதனையைக் கொடுத்தார்கள். சரியாகவே செய்தார். ஆனால் கோணம் கூடும்போது நேரம் கூடுகிற அந்த வழக்கமான கோடு அவரிடம் வரவில்லை. வேறு வழியில் போய் அதே விடையைத் தொட்டிருக்கிறார். கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் பார்த்துச் செய்யும் சோதனை 1976இல் நடந்தது. அவர்களுக்கும் கோணம் கூடக்கூட நேரம் கூடியது. ஆக மனச் சுழற்சிக்குக் கண்ணும் கட்டாயமில்லை, படமும் கட்டாயமில்லை. முக்கோணம் திரும்பவில்லை என்று மகள் சொன்னால், சரி, திரும்ப வேண்டாம், நடந்து போகலாம் என்று சொல்லுங்கள்.

அடுத்து உடம்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு கையின் படத்தைக் காட்டி, இது இடக்கையா வலக்கையா என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? மனத்துக்குள் நம் சொந்தக் கையை அந்த நிலைக்குக் கொண்டுபோகிறோம். 1987இல் லாரன்ஸ் பார்சன்ஸ் இதை அளந்து பார்த்தார். நிஜக் கையால் எளிதாகப் போக முடிகிற நிலைக்கு விடை சீக்கிரம் வந்தது. எலும்பும் மூட்டும் தடுக்கிற சங்கடமான நிலைக்கு, நினைத்துப் பார்க்கிற கையும் தாமதித்தது. மணிக்கட்டு மனத்துக்குள்ளும் மணிக்கட்டாகவே இருக்கிறது! இதை வீட்டில் சோதிக்கலாம். உங்கள் இரண்டு கைகளையும் பல கோணங்களில் கைப்பேசியில் பத்துப் பதினாறு படம் எடுத்து, கலைத்துக் காட்டுங்கள். மகள் தன் கையை அசைத்துப் பார்த்துச் சொன்னால் தடுக்காதீர்கள்.

தடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் படித்த காலத்தில் தேர்வுத் தாளைத் திருப்பிப் பார்த்ததற்காக ஆசிரியர் ஒருவரிடம் புறங்கையில் அடி வாங்கியிருக்கிறேன். தாளைத் திருப்பாதே, தலையால் யோசி என்பார். அது தப்பு. சூ, கித்தா என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது இதற்கு நேர் எதிர். மனச் சுழற்சிக் கணக்குகளில் கையால் சைகை செய்து பார்க்கும்படி ஊக்குவித்தவர்கள் அதிகம் சரியாகச் செய்தார்கள். பிறகு சைகை கூடாது என்று தடுத்தபோதும் அவர்களே முன்னால் நின்றார்கள். கை கற்றுக்கொண்டது மனத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகள் முதல் மாதம் தாளைத் திருப்பலாம், கழுத்தைச் சாய்க்கலாம், எழுந்து நின்று திரும்பலாம். அவர்களே ஒரு நாள் நிறுத்திக்கொள்வார்கள்.

பெண்பிள்ளை என்பதால் வராது என்ற பேச்சு. இந்த ஒரு சோதனையில் ஆண்கள், பெண்கள் சராசரிக்கு நடுவே வித்தியாசம் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் சராசரி உங்கள் மகளைப் பற்றி எதுவும் சொல்லாது. நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்குகிறது. பயிற்சியாலும் சுருங்குகிறது. 2007இல் கனடாவில் வெறும் பத்து மணி நேரம் விறுவிறுப்பான வீடியோ கேம் விளையாடியதிலேயே இடைவெளி குறைந்ததைக் காட்டினார்கள். 2013இல் உட்டால் என்பவரும் கூட்டாளிகளும் 217 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, உருவத்தையும் இடத்தையும் மனத்தால் கையாளும் இடவறிவு பயிற்சியால் நன்றாகவே வளர்கிறது, வளர்ந்தது நிலைக்கிறது என்று முடிவு சொன்னார்கள். மிச்சிகனில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர், இந்தச் சோதனையில் பின்தங்கிய பொறியியல் மாணவர்களுக்கென்றே வகுப்பு நடத்தி அவர்களை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம், சிக்குக் கோலம் போடுகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். லயத்து வாசலில் புள்ளி வைத்து, கால்வாசியை இழைத்துவிட்டு, உடம்பு அப்படியே கோலத்தைச் சுற்றித் திரும்பி அடுத்த கால்வாசியை இழைக்கும். நாலாவது திருப்பத்தில் இழை தொடங்கின இடத்திலேயே வந்து சேரும். 90 பாகைச் சுழற்சிச் சமச்சீரை அதைவிடச் சுத்தமாக யார் செய்து காட்ட முடியும்? உங்கள் வீட்டில் கோலம் போடுகிறவர் இருந்தால் மகளை அவரோடு உட்கார வையுங்கள். வேலியோரச் செம்பருத்தியையும் ஒன்று பறித்து வரட்டும். நம் நாட்டின் தேசிய மலர், புங்கா ராயா. ஒவ்வோர் இதழும் அடுத்த இதழின் மேல் ஒரு பக்கம் ஏறிக்கொண்டு நிற்கும். 72 பாகை திருப்பினால் அதே பூ. கண்ணாடியில் காட்டினால் ஏற்றம் எதிர்ப்பக்கம் போய்விடும். சுழற்சிக்கும் பிரதிபலிப்புக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஐந்து இதழில் இருக்கிறது.

உடம்பு முழுதாகச் சுற்றும்போது என்ன நடக்கிறது என்பதையும் அவள் தெரிந்துகொள்ளலாம். தட்டாமாலை சுற்றாத பிள்ளை உண்டா? இரண்டு பேர் கைகோத்துச் சுற்றும்போது மையம் இருவரிடமும் இல்லை, நடுவில் கோத்த கைகளுக்குக் கீழே இருக்கிறது. ஒருவர் கனமானவர் என்றால் மையம் அவர் பக்கம் தள்ளிப் போகும். நின்றதும் உலகம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதே, அதற்குக் காரணம் உள்காதில் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக. உள்ளே திரவம். தலை திரும்பத் தொடங்கும்போது திரவம் பின்தங்கி நிற்கும். குழாய்க்கும் திரவத்துக்கும் உள்ள அந்த இடைவெளியைத்தான் நாம் சுற்றுவதாக உணர்கிறோம். ஒரே வேகத்தில் இருபது விநாடி போலச் சுற்றினால் உணர்வு மங்கிவிடும். நின்றதும் எதிர்ப்பக்கம் சுற்றுவது போலத் தோன்றும். சுழல் நாற்காலியில் மகளை உட்கார்த்தி, கண்ணை மூடச் சொல்லி, மெதுவாக, ஒரே சீராகச் சுற்றிப் பாருங்கள். விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது என்பாள். நிறுத்தினால் எதிர்த் திசையில் போகிறது என்பாள். இந்தக் காதின் வேலையை ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இன்னும் ஒன்று, இது தேர்வுக்குத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலது உள்ளங்கையில் ஒரு தட்டை வையுங்கள். தட்டு சாயக் கூடாது. விரல்களை உடம்புப் பக்கம் திருப்பி, அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் முன்னால் கொண்டுவாருங்கள். தட்டு 360 பாகை சுற்றிவிட்டது, கை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இப்போது அவிழ்ப்பதற்கு எதிர்த் திசையில் போக வேண்டாம். அதே திசையில் தட்டைத் தலைக்கு மேலாக இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். கை நேராகிவிடும்! தோள் நிலையாக நிற்க, கையின் நுனியில் இருக்கும் பொருள் பழைய நிலைக்கு முறுக்கில்லாமல் திரும்ப 720 பாகை வேண்டும். மலாய்க்காரர்களின் தட்டு நடனம் ஆடுகிறவர்களின் கைக்கு இது பழகிப்போனது. எலக்ட்ரானின் தற்சுழற்சியிலும் இதே இரட்டைச் சுற்று வருகிறது.

புத்தகத்தை வைத்தும் ஒன்று செய்யலாம். அட்டை உங்களைப் பார்க்க நிமிர்த்திப் பிடியுங்கள். முதலில் தலைப்பக்கத்தை உங்களைவிட்டு அப்பால் சாயுங்கள், அட்டை கூரையைப் பார்க்கும். அப்புறம், மேலிருந்து கீழாக ஒரு கம்பி குத்தியிருப்பதாக நினைத்து, உங்களுக்குக் கிட்டே இருக்கும் பக்கம் வலப்புறம் போகும்படி கால் சுற்று திருப்புங்கள். அட்டை கூரையைப் பார்த்தபடியே, தலைப்பக்கம் இடப்புறம் நிற்கும். இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் கம்பிச் சுற்று, அப்புறம் அப்பால் சாய்ப்பது. அட்டை வலப்பக்கம் பார்க்கிறது! தாளில் ஒரே மையத்தைச் சுற்றினால் வரிசை முக்கியமில்லை. முப்பரிமாண வெளியில் மிக முக்கியம். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவியது இன்னும் அழகு. ஒரு புள்ளி அசையாமல் நிற்க எத்தனை திருப்பம் திருப்பினாலும், எல்லாம் சேர்ந்து ஏதோ ஓர் அச்சைச் சுற்றிய ஒரே சுழற்சிக்குச் சமம். நீங்கள் செய்த இரண்டு கால் சுற்றும் சேர்ந்து, சாய்வான ஓர் அச்சில் 120 பாகை.

உங்கள் வேலையிடத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. செம்பனையில் ஒரு மட்டைக்கும் அடுத்து வரும் மட்டைக்கும் இடையில் சுமார் 137.5 பாகை. எட்டு மட்டைக்கு 1,100 பாகை. மூன்று முழுச் சுற்றுக்கு 1,080 போக மீதம் 20. அதனால்தான் முதல் மட்டைக்குக் கீழே, இருபது பாகை மட்டும் பக்கத்தில் தள்ளி, ஒன்பதாவது மட்டை நிற்கிறது. அதற்குக் கீழே இன்னும் இருபது தள்ளிப் பதினேழாவது. உரக்கணக்குக்காக இலை எடுக்க வருகிறவர்கள் அந்தப் பதினேழாவது மட்டையைத்தான் தேடுவார்கள். 1, 9, 17 என்று எண்ணி இறங்குவார்கள். சில மரம் இடப்பக்கமாகச் சுற்றும், சில வலப்பக்கமாக. மகளை ஒரு நாள் கூட்டிப்போய், ஒரே நிரையில் இரண்டு வகையையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நின்று பார்ப்பதற்குப் படிவம் 2 கணக்கைவிடக் கடினமான மனச் சுழற்சி அது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி. 24இல் எத்தனைக்குப் பதில் சொன்னாள், எவற்றைத் தொடவே இல்லை என்று எழுதிவைத்திருந்தால் அந்தத் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பள்ளிக் கணக்கு நோட்டும் வேண்டும். தப்பான விடைகளில் மையத்தை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.